அந்த நீல ரிஜிஸ்டர் எங்கள் கண்ணிலும் படட்டும்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். சென்னைத் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் டேலி கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்படி ஒரு வேலை இருந்தது இப்போது பலருக்குத் தெரியாது, அதனால் நாலு வரி சொல்லிவிடுகிறேன். கப்பலிலிருந்து ஸ்லிங்கில் மூட்டை இறங்கும்போது ஒரு தடவைக்கு எத்தனை மூட்டை, அதில் எத்தனை கிழிசல், எத்தனை நனைந்தது என்று எண்ணி எழுத வேண்டும். கரையில் நின்று நான் எழுதுவேன். கப்பல் தரப்பில் இன்னொருவர் எழுதுவார். ஷிப்ட் முடிந்ததும் இரண்டு தாளையும் ஒத்துப் பார்ப்போம். வித்தியாசம் வந்தால் அங்கேயே சண்டை போட்டுத் தீர்த்துக்கொண்டு, இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் டீ குடிக்கப் போவோம். கிழிந்த மூட்டையை மறைக்க முடியாது. மறைத்தால் நஷ்டஈடு நம் தலையில் விடியும். கண்டெய்னர் வந்தபிறகு மூட்டை எண்ணுகிற வேலை குறைந்து போனது. எண்ணுகிற புத்தி மட்டும் என்னை விடவில்லை.

அந்தப் புத்திதான் இந்த மடலை எழுத வைத்தது. மருத்துவமனைகள் தங்கள் சிகிச்சை முடிவுகளை எண்ணி, ஜனங்கள் பார்க்கும்படி ஒரு பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்பதுதான் என் மனு.

போன வருடம் பொங்கல் கழித்து என் மனைவிக்கு ஹெர்னியா ஆபரேஷன் நடந்தது. வட சென்னையிலேயே ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் எழுதப் போவதில்லை. அவர்கள் மேல் வழக்குப் போடுவது என் நோக்கம் இல்லை. வயிற்றில் வலை வைத்துத் தைத்தார்கள், நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் காலையில் கட்டில் விரிப்பை மாற்றும்போது, அவள் புடவைக் கொசுவத்தில் ஈரம் பார்த்தேன். என் பழைய வேட்டியைக் கிழித்து நாலாக மடித்து உள்ளே வைத்திருந்தாள். இரண்டு நாளாகக் கசிகிறதாம். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிற நேரத்தில் வீட்டைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தாளாம். துணியை எடுத்துப் பார்த்தேன். மஞ்சளும் பச்சையுமாகச் சீழ். கருவாடு ஊறிய தண்ணீர் மாதிரி வாடை.

மறுபடி அட்மிஷன். வைத்த வலையை எடுத்தார்கள். காயத்தைத் தைக்காமல் திறந்தே வைத்து தினமும் கட்டு மாற்றினார்கள். இருபத்து மூன்று நாள். முதல் தடவை காப்பீட்டு அட்டை பார்த்துக்கொண்டது. இரண்டாம் தடவை பாதிக்கு மேல் கையிலிருந்து போனது.

டாக்டர் நல்ல மனிதர்தான். “சுகர் இருக்கில்ல சார், இதெல்லாம் எந்த ஆஸ்பத்திரியிலயும் நடக்கறதுதான்” என்றார். பொய் இல்லை. அவளுக்குப் பதினாலு வருடமாகச் சர்க்கரை. ஆனால் பக்கத்துக் கட்டிலில் கொருக்குப்பேட்டைப் பெண் ஒருத்தி, முப்பது வயது இருக்கும், சர்க்கரை கிடையாது. அதே வாரம், அதே தியேட்டர், அதே சீழ். வராந்தாக் கோடியில் ஒரு பெரியவர், அவருக்கும் அப்படியே. கப்பலின் ஒரே ஹாட்ச்சிலிருந்து, அதாவது சரக்கு அறை வாயிலிலிருந்து, மூன்று கிழிந்த மூட்டை வந்தால் டேலி கிளார்க் மூட்டையைக் குறை சொல்லிக்கொண்டிருக்க மாட்டான். ஹாட்ச்சுக்குள் எட்டிப் பார்ப்பான், ஏதாவது ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று.

இரவு ட்யூட்டியில் ஒரு சிஸ்டர் இருந்தார். மீஞ்சூர்ப் பக்கத்துப் பெண், என் மகளைவிடச் சின்னவள். கட்டு மாற்றிவிட்டு மேஜைக்குப் போய் ஒரு நீல அட்டை ரிஜிஸ்டரில் எதையோ எழுதுவார். நாலைந்து நாள் பார்த்துவிட்டு ஒரு ராத்திரி கேட்டேவிட்டேன்.

“அதுல என்னம்மா எழுதற?”

“இன்ஃபெக்‌ஷன் கேஸ் அங்கிள். எந்தத் தேதி ஆபரேஷன், என்னிக்குச் சீழ் வச்சுது, கல்ச்சர்ல என்ன வந்துது, எல்லாம் எழுதணும்.”

“இந்த மாசம் எத்தனை?”

ரிஜிஸ்டரைக் கையால் மூடிக்கொண்டார். “அதெல்லாம் சொல்லக் கூடாது அங்கிள். மாசம் முடிஞ்சா குவாலிட்டி மேடத்துக்கு அனுப்பிடுவோம்.”

“அவங்க யாருக்கு அனுப்புவாங்க?”

“அது தெரியாது அங்கிள்” என்று சிரித்தார்.

ஐயா, அந்தச் சிரிப்பிலிருந்துதான் என் ஒரு வருட வாசிப்பு தொடங்கியது. கணக்கே எடுப்பதில்லை என்று நான் நினைத்திருந்தேன். எடுக்கிறார்கள், அதுவும் அழகாக எடுக்கிறார்கள். தனியார் மருத்துவமனையின் வரவேற்பறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிற என்.ஏ.பி.எச். என்ற தரச் சான்றிதழ் வேண்டுமானால் இந்த மாதிரித் தரக் குறியீடுகளை எண்ணி வைத்தே ஆக வேண்டும். அரசு மருத்துவமனைகளுக்கு 2013இல் வந்த தேசியத் தர உறுதி அளவுகோல்கள் இருக்கின்றனவே, அதில் எட்டுப் பிரிவு. எட்டாவது பிரிவே விளைவுகளைப் பற்றியதுதான். கட்டடம், கருவி, கழிப்பறை எல்லாம் பார்த்து முடித்த பிறகு, நோயாளிக்குக் கடைசியில் என்ன ஆனது என்பதை எண்ணால் காட்டச் சொல்கிறது. ஆக, எண் இருக்கிறது. வார்டில் பிறந்து, மாடிப்படி ஏறி, கணினிக்குள் போய், அங்கேயே தங்கிவிடுகிறது. தெருவுக்கு இறங்கி வருவது சான்றிதழ் மட்டும். சான்றிதழ் என்றால் ‘பாஸ்’. எத்தனை மார்க், எந்தப் பாடத்தில் என்று யாருக்கும் தெரியாது. என் பேரனின் ரேங்க் கார்டில்கூட அதைவிட அதிகம் எழுதியிருக்கிறது.

இப்போது நாங்கள் மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கிற விதத்தைச் சொல்லட்டுமா? ஆட்டோ ஸ்டாண்டில் கேட்போம். “இன்னா நைனா, நெஞ்சு வலின்னா எங்க போறது?” அவர் ஒரு பெயர் சொல்வார். மெடிக்கல் ஷாப்காரர் இன்னொரு பெயர் சொல்வார். எதிர்வீட்டு அம்மா, தன் ஓரகத்தி எங்கே பிழைத்தாள் என்பதை வைத்து மூன்றாவது பெயர் சொல்வார். காசிமேட்டில் முக்கால் கிலோ வஞ்சிரம் வாங்குவதற்கு முன் செவுளைத் தூக்கிச் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்கிறோம், விரலால் அழுத்திப் பார்க்கிறோம், மீன்காரம்மா திட்டினாலும் விடுவதில்லை. பெண்டாட்டியின் வயிற்றைக் கிழிக்கிற இடத்தில் தூக்கிப் பார்க்க ஒரு செவுள் கிடையாது.

என் மகள் பிரசவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன், அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். சரி, தெரிந்துகொண்டேன். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எங்கள் சாலையைச் சுற்றி நாலு நர்சிங் ஹோம் இருக்கிறது. எதில் நாற்பது, எதில் எண்பது? மாநிலத்தின் சராசரி என் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போவதில்லை. (கடைசியில் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனையில் சுகப்பிரசவம் ஆனது. அங்கே போனதும் கணக்குப் பார்த்து இல்லை. அவள் மாமியாருக்கும் அங்கேதான் நடந்ததாம்.)

எண்ணை வெளியே வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே பாதி பதில் இருக்கிறது. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் அதை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்கிற பழக்கத்தைத் தமிழ்நாடு 1990களிலேயே தொடங்கிவிட்டது. ஏன் தாமதம், எங்கே தாமதம், வீட்டிலா, வழியிலா, மருத்துவமனை வாசலிலா என்று கேட்டு, மாவட்ட ஆட்சியர் வரை அந்தக் கேள்வி போனது. 2018-20 கணக்கில் நாடு முழுவதற்கும் லட்சம் பிறப்புக்கு 97 தாய்மார் இறப்பு, இங்கே 54. வேறு காரணங்களும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு சாவையும் பெயர் சொல்லி எண்ணிய துறை இது. எண்ணத் தெரியாத துறையிடம் நான் எண்ணச் சொல்லவில்லை.

எண்ணியதை உள்ளேயே பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம். அங்கே குழந்தைகளுக்கு இதய அறுவை சிகிச்சை செய்த ஒரு மருத்துவமனையில் ஸ்டீபன் போல்சின் என்ற மயக்க மருந்து டாக்டர், ஆபரேஷன் ஆன குழந்தைகள் அதிகம் இறக்கின்றன என்று சந்தேகப்பட்டுத் தன் பாட்டுக்குக் கணக்கு எழுத ஆரம்பித்தார். எங்கள் பாஷையில் சொன்னால் அவர் கரை டேலி. கப்பல் டேலியோடு அவர் கணக்கு ஒத்துப் போகவில்லை. மேலிடத்தில் சொன்னார், கேட்பாரில்லை. கடைசியில் ஆஸ்திரேலியாவுக்கே வேலை மாறிப் போய்விட்டார். 2001இல் விசாரணை அறிக்கை வந்தபோது, 1991க்கும் 1995க்கும் இடையில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் முப்பதிலிருந்து முப்பத்தைந்து பேர், வேறு இடத்தில் இறந்திருக்கக்கூடிய அளவைவிட அதிகமாக அங்கே இறந்திருந்தார்கள் என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் இங்கிலாந்தில் இதய அறுவை சிகிச்சை முடிவுகளை ஜனங்கள் பார்க்கும்படி வெளியிடத் தொடங்கினார்கள்.

எதிர்த் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்கள் அலுவலகத்தில் யாராவது “இவருக்கு என்ன தெரியும்” என்று மடித்து வைத்துவிடுவார்கள்.

தப்பாக எண்ணினால் எண்ணாமல் இருப்பதைவிட மோசம். இதற்கு நான் ரசித்துப் படித்த ஒரு கதை உண்டு. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை விளக்கேந்திய மாதரசி என்று பள்ளிப் பாடத்தில் படித்தோம். அவர் கணக்குப்புலி என்பதைப் பாடத்தில் சொல்லவில்லை. மருத்துவமனைகள் எல்லாம் ஒரே மாதிரிப் படிவத்தில் கணக்கு எழுத வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே போராடியவர். 1863இல் அவர் வெளியிட்ட புத்தகப் பதிப்பில், வில்லியம் ஃபார் என்ற புள்ளிவிவரக்காரர் போட்ட ஒரு பட்டியலைச் சேர்த்தார். லண்டனின் 24 பெரிய மருத்துவமனைகளில் இறப்பு விகிதம் 90.84 சதவீதம் என்றது பட்டியல். நூறு பேர் போனால் ஒன்பது பேர்தான் திரும்புவார்கள் என்று அர்த்தமாகிறது! டாக்டர்கள் கொதித்துப் போனார்கள். கணக்கை எப்படிப் போட்டிருந்தார் என்று பார்த்தால், வருடம் முழுக்க இறந்தவர்கள் 3,828 பேர். அதை 1861 ஏப்ரலில் ஒரு குறிப்பிட்ட நாளில் படுக்கையில் இருந்த 4,214 பேரால் வகுத்திருந்தார். கொட்டகையில் ஒரு நாள் கிடக்கிற மூட்டைகளை வைத்து வருடத்து உடைசலைக் கணக்குப் போட்ட மாதிரி. அவ்வளவு பெரிய மனிதர்களுக்கே கீழே எதை வைத்து வகுப்பது என்பதில் சறுக்கியது. ஆகவே கீழே இருக்கிற எண்ணையும் பலகையில் எழுதுங்கள். ‘தொற்று 6’ என்று மட்டும் எழுதினால் பீதி. ‘இந்த மாதம் 310 ஆபரேஷன், தொற்று 6’ என்றால் தகவல்.

அடுத்தது, நியாயமாக எண்ணுவது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறை 1990இல் இதய பைபாஸ் ஆபரேஷனில் ஒவ்வொரு மருத்துவமனையிலும் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பெயரோடு வெளியிட்டது. வெறும் சாவை எண்ணாமல், வந்தவரின் வயது என்ன, இதயம் எந்த நிலையில் இருந்தது, வேறு நோய் உண்டா என்றெல்லாம் சரிக்கட்டி எண்ணினார்கள். அப்படிச் சரிக்கட்டிய இறப்பு 1989இல் 4.17 சதவீதமாக இருந்தது, 1992இல் 2.45ஆக இறங்கியது. இதை ஆதரவாளர்கள் சொல்வார்கள். எதிர்ப்பாளர்கள் சொல்வது, டாக்டர்கள் பெயர் கெட்டுவிடும் என்று பயந்து ரொம்ப முடியாத நோயாளிகளைத் தொடவே தயங்கினார்கள் என்று. அந்தச் சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை. எனக்கு இரண்டு பக்கமும் உண்மை இருப்பதாகத்தான் படுகிறது. மார்க் போடுகிற வாத்தியார் எங்கேயும் உண்டு, மக்குப் பையனைச் சேர்த்துக்கொள்ளாத பள்ளியும் எங்கேயும் உண்டு.

இது வட சென்னைக்கு முக்கியமான விஷயம் ஐயா. அடையாறில் உள்ள மருத்துவமனையையும் எங்கள் ஸ்டான்லி அரசு மருத்துவமனையையும் ஒரே பலகையில் வெறும் எண்ணால் நிறுத்தினால் ஸ்டான்லி தோற்கும். தோற்கத்தான் செய்யும். எங்கள் ஆட்கள் வருவதே நோய் முற்றிய பிறகுதான். மணலி, எண்ணூர்க் காற்றை இழுத்த நெஞ்சோடு வருவார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினவர்கள் அடுத்த வருடம் இருமிக்கொண்டு எந்த வாசலில் வந்து நின்றிருப்பார்கள்? ஒரு நாள் கூலி போய்விடும் என்று காய்ச்சலைப் பத்து நாள் இழுத்தடிக்கிற ஊர் இது. அந்தச் சுமையையும் எடை போட்டுக் கழித்துவிட்டுத்தான் டாக்டருக்கு மார்க் போட வேண்டும்.

ஸ்டான்லி மேல் எனக்கு இருக்கிற பாசத்தையும் சொல்லிவிடுகிறேன். 1782இல் பஞ்சத்துக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. என் பாட்டி கடைசி வரை ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றுதான் சொன்னாள். 1938இல் மருத்துவக் கல்லூரி ஆனது. ஹார்பரில் கம்பி ஸ்லிங்கில் விரல் நசுங்கினால் நாங்கள் யாரையும் விசாரிக்க மாட்டோம். துண்டில் கையைச் சுற்றிக்கொண்டு நேரே ஸ்டான்லி கை அறுவை சிகிச்சைப் பிரிவுக்குத்தான். டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்த பிரிவு, இந்தியா முழுக்கப் பெயர் வாங்கியது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் நாலு விரல் தொங்கிக்கொண்டு போனார். ஆறு மாதம் கழித்து அதே கையால் எனக்குக் கல்யாணப் பத்திரிகை நீட்டினார். இந்த மாதிரி வேலையெல்லாம் எந்தப் பலகையிலும் இல்லை. கெட்டதை மட்டும் காட்டத்தான் பலகை கேட்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, ஸ்டான்லியின் கணக்கில் ஏறுகிற பல சாவுகள் ஸ்டான்லியில் தொடங்கியவை இல்லை. இரண்டு வாரம் வேறெங்கோ வைத்திருந்து, பணமும் மூச்சும் ஒன்றாகத் தீரும்போது ஆம்புலன்ஸில் ஏற்றி “பெரிய இடத்துக்குக் கொண்டு போங்க” என்பார்கள். அந்த நோயாளி ராத்திரி இரண்டு மணிக்கு அரசு மருத்துவமனையில் இறப்பார். முதல் இடத்தின் ஏட்டில் ‘ரெஃபர் செய்யப்பட்டார்’ என்று சுத்தமாக இருக்கும். துறைமுகத்தில் இதை நாங்கள் விடவே மாட்டோம். மூட்டை எங்கே கிழிந்தது என்பதுதான் கேள்வி, எங்கே கொட்டியது என்பது இல்லை. உங்களால் இதைக் கண்டுபிடிக்க முடியும். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் அரசுப் பதிவில் பிக்மி எண் என்று ஒன்று இருக்கிறது, அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழே வராது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எண் இருக்கிறது. நோயாளி எந்த வாசலில் முதலில் நுழைந்தார், எத்தனையாம் நாள் எந்த நிலையில் மாற்றப்பட்டார் என்று அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு போனால் தெரிந்துவிடும். அப்படிக் கணக்குப் போட்டால் சில பளபளப்பான வரவேற்பறைகளின் நிறம் மாறும்.

இதோடு ஒட்டியதுதான் என் மனைவி விஷயமும். அவளுக்குச் சீழ் வைத்தது வீட்டில். பயந்துபோய் நான் வேறு மருத்துவமனைக்குக் கொண்டு போயிருந்தால் அந்த நீல ரிஜிஸ்டரில் அவள் பெயரே ஏறியிருக்காது. அந்த மாதம் அவர்கள் தொற்றுக் கணக்கு ஒன்று குறைந்திருக்கும், எதையும் திருத்தாமலேயே. ஆபரேஷன் முடிந்து முப்பது நாள் வரை, உள்ளே வலை மாதிரி ஏதாவது வைத்திருந்தால் தொண்ணூறு நாள் வரை காயத்தைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் உலகம் முழுக்க இருக்கிற வழக்கம். இங்கே டிஸ்சார்ஜ் சீட்டோடு உறவு முடிந்துவிடுகிறது. அப்புறம் இன்னொரு வேடிக்கை: நேர்மையாக நோயாளி வீட்டுக்குப் போன் போட்டு விசாரிக்கிற மருத்துவமனைக்குத் தொற்று அதிகமாகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்ட மருத்துவமனைக்குச் சுழி. முதல் வருடம் ‘சுழி’ என்று எழுதி அனுப்புகிறவர்களிடம்தான் உங்கள் ஆட்களை முதலில் அனுப்ப வேண்டும். எண்ணூறு மூட்டையில் ஒரு கிழிசல்கூட இல்லை என்று ஒருவன் தாள் நீட்டினால், அவன் அன்றைக்கு ஹாட்ச் பக்கமே போகவில்லை என்று எங்கள் சூப்பர்வைசர் சொல்லிவிடுவார்.

அதனால்தான் இரண்டு டேலி வேண்டும் என்கிறேன். மருத்துவமனை எழுதுவது ஒன்று, நோயாளி சொல்வது ஒன்று. அரசின் மருத்துவ உதவி எண்ணான 104க்கு ஜனங்கள் போன் செய்கிறார்கள். அதே மாதிரி உங்கள் தரப்பிலிருந்து முப்பதாம் நாள் ஒரு போன் வரட்டும். காயம் ஆறியதா, மறுபடி எங்கேயாவது சேர்ந்தீர்களா, கேட்ட கேள்விக்கு டாக்டர் பதில் சொன்னாரா. மூன்று கேள்வி போதும், தமிழில். இப்போது ‘மேரா அஸ்பதால்’ (என் மருத்துவமனை) என்று நோயாளிகளிடம் மத்திய அரசின் ஒரு கருத்துக் கேட்பு இருக்கிறது. எங்கள் தெருவில் யாரிடமாவது அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், இந்திப் படமா என்பார்கள்.

பலகையில் என்ன எழுதலாம் என்று கேட்டால், சாவில் தொடங்க வேண்டாம். அதைச் சரிக்கட்டி எண்ணுவது கஷ்டம், தப்பானால் யாரோ ஒரு டாக்டர் அடி வாங்குவார். 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் பணியில் இருந்த டாக்டரையே கத்தியால் குத்தினார்களே, அந்த மாதிரிக் கோபம் உலவுகிற ஊரில் அரைகுறை எண்ணை வீசக் கூடாது. டாக்டர் பெயர், நர்ஸ் பெயர் எதுவும் வேண்டாம், மருத்துவமனை பெயர் போதும். நெஞ்சு வலி என்று வந்தவருக்கு எத்தனை நிமிடத்தில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள்? பத்து நிமிடத்துக்குள் என்பது கணக்கு. நூறு பேரில் எத்தனை பேருக்கு அது நடந்தது? ஆபரேஷன் எத்தனை, தொற்று எத்தனை. முதல் பிரசவத்தில் எத்தனை சிசேரியன். படுத்த படுக்கையாக இருந்தவர்களில் எத்தனை பேருக்கு வார்டில் வந்த பிறகு படுக்கைப் புண் வந்தது. எத்தனை பேரை வெளியே அனுப்பினார்கள், எங்கே. போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லியும் கேட்காமல் எத்தனை பேர் கிளம்பிப் போனார்கள். ஏன் போனார்கள் என்பதையும் எழுதினால் ரொம்ப நல்லது, ஆனால் அதை எழுத அவர்களுக்கு மனசு வராது. ராத்திரி ஷிப்டில் ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளி என்பதையும் சேருங்கள். இது நர்சுகளுக்காக. அந்த மீஞ்சூர்ப் பெண் தனியாக இருபத்தாறு கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நானே எண்ணினேன். இருபத்தாறு பேருக்கு ஒரு ஆள் கட்டு மாற்றினால் ஒவ்வொரு கட்டிலுக்கும் நடுவில் கை கழுவ எங்கே நேரம்? ஆணி நீட்டிக்கொண்டிருந்தது அங்கேதானோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

சட்டம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். அரசு மருத்துவமனைகளுக்கு 2005ஆம் வருடத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு போதும். யாரும் மனுப் போடாமலே தகவலை வெளியில் வைக்கச் சொல்கிறது அது. தனியார் மருத்துவமனைகளுக்கு 1997ஆம் வருடச் சட்டமும் 2018இல் வந்த விதிகளும் இருக்கின்றன. பதிவுச் சான்று உங்கள் இணை இயக்குநர் அலுவலகத்திலிருந்துதான் போகிறது. காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை அரசு பணம் கட்டுகிறது. பணம் கட்டுகிறவர், சரக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்பதில் என்ன தப்பு? கேட்டதை எங்களுக்கும் சொல்லுங்கள் என்பதுதான் மனு.

இணையதளத்தில் போட்டுவிடுகிறோம் என்று முடித்துவிடாதீர்கள். அதையும் போடுங்கள், பத்திரிகைக்காரர்களுக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கும் உதவும். எங்களுக்குப் பலகை வேண்டும். ஓ.பி. சீட்டு வாங்கிவிட்டு மாத்திரை கவுண்டர் வரிசையில் ஒரு மணி நேரம் நிற்கிறோமே, அந்தச் சுவரில். ஸ்கூலில் இருக்கிற மாதிரிக் கரும்பலகை போதும். தமிழில், பெரிய எழுத்தில், போன மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு. மற்ற மருத்துவமனையோடு ஒப்பிடுவதை நீங்கள் சரிக்கட்டக் கற்றுக்கொண்ட பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் அவரவர் தன் போன மாதத்தோடு ஒப்பிடட்டும்.

வட சென்னையில் ஒரே ஒரு அரசு மருத்துவமனையில், ஒரே ஒரு சுவரில் தொடங்குங்கள். ஸ்டான்லியோ, தண்டையார்பேட்டையோ, உங்கள் இஷ்டம். எழுத ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன். மாதம் முதல் தேதி காலை ஏழு மணிக்கு வந்து, சிஸ்டர் கொடுக்கிற தாளைப் பார்த்து எழுதிவிட்டுப் போகிறேன். சம்பளம் வேண்டாம். கையெழுத்து நன்றாகவே இருக்கும். ஏழும் ஒன்றும் குழம்பாதபடி ஏழுக்கு நடுவில் கோடு போட்டு எழுதிப் பழகியவன். தாளின் அடியில் அவர்கள் ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து. ஏணி மட்டும் நீங்கள் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டேலி கிளார்க் ஒருவன்,
பழைய வண்ணாரப்பேட்டை